ஏவலும் ஊட்டமும்

உயிர்கள் அனைத்துக்கும் வளர்ச்சி பொது. எனினும், குழந்தை தவழ்வதைக் கண்டு மகிழும் நாம், கொல்லைப்புறத்து முருங்கை கிளைப்பதைக் கண்டு வியப்பதில்லை. விதை விழுந்தது, மழை பெய்தது, முளைத்தது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறோம். முளை மேல் நோக்க வேண்டும், வேர் கீழ் நோக்க வேண்டும் என்று அவற்றுக்குச் சொன்னது யார்? காய் கனிய வேண்டிய வேளையையும், இலை உதிர வேண்டிய வேளையையும் அறிவிப்பது எது? மரத்துக்கு மூளையில்லை, நரம்பில்லை. ஆயினும் உச்சிக் கொழுந்துக்கும் அடிவேருக்கும் இடையே ஓயாமல் செய்தி நடந்துகொண்டே இருக்கிறது.

அச்செய்தியைச் சுமப்பது யாதென்று கண்டறிய ஐரோப்பியரும் ஜப்பானியரும் பிறரும் ஏறத்தாழ நூறாண்டு உழைத்தனர். அவ்வுழைப்பின் வரலாற்றில் ஓர் அதிகாரம் நம் மலாயா மண்ணில், நம் முன்னோர் நாள்தோறும் கத்தி வைத்த பால்மரத்தின் பட்டையில் எழுதப்பட்டது. கிள்ளான் வட்டாரத்தில் அம்மரங்கள் இன்று அருகிவிட்டன. செம்பனையும், அதன்பின் வீடமைப்புகளும் தொழிற்சாலைகளும் அவற்றின் இடத்தைக் கொண்டன. மரம் போனாலும் அது கற்பித்த பாடம் போகலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

தோட்டத்து ஆபீசில் எழுதுகோல் பிடித்துப் பிழைக்கும் நமக்கு, இப்பொருளை விளக்க வேறோர் உவமை தேட வேண்டியதில்லை. ஆபீசிலிருந்து ஒரு துண்டுச் சீட்டுப் புறப்படுகிறது. இன்ன காட்டுக்கு உரம் போடுக என்று அதில் ஒரே வரிதான். அச்சீட்டுக் கைமாறியதும் ஸ்டோர் திறக்கிறது, லாரி புறப்படுகிறது, ஐம்பது பேர் அசைகின்றனர். சீட்டோ காற்றடித்தால் பறந்துபோகும். அதில் உரமும் இல்லை, அரிசியும் இல்லை. இருப்பது ஏவல் ஒன்றே. தாவரத்தின் உடலிலும் இத்தகைய சீட்டுகள் ஓடுகின்றன. ஓரிடத்தில் தோன்றி, வேறோரிடம் சென்று, மிகச் சிறிய அளவிலேயே பெரிய வேலையைச் செய்விக்கும் அப்பொருள்களை ஹார்மோன்கள் என்பர். தமிழில் வளரூக்கிகள் என்றும் வழங்குவர். ஹார்மோன் என்ற பெயரை 1905-ஆம் ஆண்டில் லண்டனில் ஸ்டார்லிங் என்னும் உடலியல் அறிஞர் விலங்குடலை முன்னிட்டு வழங்கினார். கிரேக்க மொழியில் அதன் வேர்ச்சொல்லுக்குத் தூண்டுதல் என்பது பொருள்.

ஊட்டம் வேறு, ஏவல் வேறு. இவ்வொன்றை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோமாக.

புல்லின் நுனி

பரிணாமக் கொள்கையால் உலகைக் கலக்கிய சார்லஸ் டார்வின், தம் முதுமையில் மகன் பிரான்சிஸுடன் சேர்ந்து ஒரு புல்லின் முளையை ஆராய்ந்துகொண்டிருந்தார். சன்னலோரத்தில் வைத்த முளை ஒளியை நோக்கி வளைகிறது. இது யாவரும் கண்ட காட்சி. அவர் செய்தது யாதெனில், முளையின் நுனிக்கு மட்டும் ஒளி புகாத குல்லாய் போட்டார். முளை வளையவில்லை. நுனியைத் திறந்துவிட்டு அடியை மட்டும் மூடினார். வளைந்தது! ஒளியை உணர்வது நுனி; வளைவதோ அதற்குக் கீழே உள்ள பகுதி. ஆகவே நுனியிலிருந்து கீழே ஏதோ ஒன்று இறங்கி வருகிறது என்று 1880-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எழுதினார்.

அந்த ஏதோ ஒன்றைக் கையில் பிடித்தவர் ஹாலந்து நாட்டு இளைஞர் வெண்ட் என்பவர். 1926-ஆம் ஆண்டில் உட்ரெக்ட் நகரில் அவர் முளைகளின் நுனியை அரிந்து, அகர்-அகர்க் கூழின் மேல் சில மணி நேரம் வைத்தார். பண்டிகை நாளில் நம் வீடுகளில் வண்ணமிட்டு வெட்டி வைக்கிறோமே, அதே அகர்-அகர்தான். அச்சொல்லே மலாய் மொழி உலகுக்குத் தந்தது. பின்னர் நுனியை எறிந்துவிட்டுக் கூழைச் சிறு துண்டாக வெட்டி, தலையிழந்த முளையின் ஓரத்தில் ஒரு பக்கமாக வைத்தார். இருட்டிலேயே முளை மறுபக்கம் வளைந்தது. சீட்டு நுனியிலிருந்து கூழுக்குள் இறங்கிவிட்டது என்பது தெளிவாயிற்று. அதற்கு ஆக்ஸின் என்று பெயரிட்டனர். 1934-ஆம் ஆண்டில் அதே நகரத்து வேதியியலார் மனிதச் சிறுநீரிலிருந்தே இவ்வகைப் பொருளைப் பிரித்தெடுத்து, அதன் இரசாயன அமைப்பைக் கண்டனர்.

ஆக்ஸினின் வேலையைத் தோட்ட மக்கள் பெயரறியாமலே கண்டிருக்கின்றனர். நுனிக் கொழுந்து உள்ளவரை அதிலிருந்து இறங்கும் ஏவல் பக்கத்து மொட்டுகளை உறங்க வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் முருங்கை கிளைக்கிறது. 1910-களின் பிற்பகுதியில் டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவிலும் சுமத்ராவிலும் உருவாகி, பின்னர் மலாயாவெங்கும் பரவிய ஒட்டுக் கட்டும் முறையும் இதனையே நம்பியது. நல்ல மரத்தின் கண்ணை நாற்றின் பட்டையில் பதித்து, அது ஒட்டிக்கொண்டதும் மேல்தண்டை வெட்டிவிடுவர். தலையின் ஏவல் நீங்கியதும் பதித்த கண் விழித்து எழும்.

வெண்ட் கூழ் வெட்டிய அதே 1926-ஆம் ஆண்டில், அன்று ஜப்பானியர் ஆண்ட தைவானில் குரோசாவா என்பவர் ஒரு நெற்பயிர் நோயின் காரணத்தைக் கண்டார். அந்நோய் பிடித்த நாற்று மற்றவற்றினும் நெட்டையாக, வெளிறி, மெலிந்து வளர்ந்து, மணி பிடிக்காமல் சாயும். ஜப்பானிய உழவர் அதற்கு மூட நாற்று என்ற பொருள்படப் பெயரிட்டிருந்தனர். ஒரு பூஞ்சணம் கக்கும் பொருளே அவ்வாறு வளரச் செய்கிறது என்று அவர் நிறுவினார். 1938-ஆம் ஆண்டில் யபுட்டா, சுமிக்கி என்னும் இருவர் அதனைப் படிகமாகப் பிரித்தனர். ஜிப்ரெல்லின் என்பது அதன் பெயர். நலமுள்ள பயிரும் அதே பொருளைத் தன் தேவைக்கேற்பச் சிறிதளவு சுரந்துகொள்கிறது என்பது பின்னர்த் தெரிந்தது. நோயாளி நாற்றுக்குக் குறைவாயிருந்தது வளர்ச்சி அன்று, அளவு!

மூட்டத்துப் புகை

இனி நாம் சொல்லப்போகும் வளரூக்கி, தமிழர்க்குப் புதியதன்று. தமிழ்நாட்டில் வாழைத்தாரைக் குழியிலோ அடைத்த அறையிலோ அடுக்கி, புகை மூட்டம் போட்டுப் பழுக்க வைப்பது வழிவழி வந்த வழக்கம். மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பதும் அவ்வாறே. ஆங்கிலத்தில் விஞ்ஞானம் பயின்ற நாம் டார்வின் பெயரை மனப்பாடம் செய்தோமேயன்றி, நம் பாட்டியார் பானைக்குள் நடந்ததும் அதே விஞ்ஞானம் என்பதை எவரும் சொல்லக் கேட்டதில்லை.

புகையிலும் பானையிலும் இருந்தது எத்திலீன் என்னும் நிறமற்ற காற்று. அதன் ஆற்றல் ஐரோப்பாவில் தெருவிளக்கின் வழியாக வெளிப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலக்கரிக் காற்றைக் குழாயில் செலுத்தி நகரங்களில் விளக்கெரித்தனர். குழாய் கசிந்த இடங்களில் சாலையோரத்து மரங்கள் காலமல்லாக் காலத்தில் இலையுதிர்த்தன. 1901-ஆம் ஆண்டில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நெல்யுபோவ் என்னும் இளைஞர், ஆய்வுக்கூடத்தில் முளைத்த பட்டாணி நாற்றுகள் குட்டையாகித் தடித்துப் படுக்கையாக வளர்வதைக் கண்டார். வெளிக்காற்றில் வைத்தால் அவை நேராக நிமிர்ந்தன. கூடத்தின் விளக்குக் காற்றிலுள்ள எத்திலீனே காரணம் என்று நிறுவினார். அதுவரை அது புறத்திலிருந்து வரும் ஒரு நஞ்சு என்றே எண்ணினர். 1934-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கேன் என்பவர், பழுக்கும் ஆப்பிள் தானே எத்திலீனை வெளியிடுகிறது என்று மெய்ப்பித்தார். ஆகவே அதுவும் மரத்தின் சொந்தச் சீட்டே. பழு என்றும், உதிர் என்றும், காயம்பட்டது, காத்துக்கொள் என்றும் ஏவும் சீட்டு அது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூட்டம் போட்டால் முற்றிய காயே பழமாகும். பிஞ்சுத் தாரைப் புகையில் எத்துணை நாள் வைத்தாலும் அது வெம்பிப்போகுமேயன்றி இனிக்காது. காய்க்குள் முன்பே மரம் சேர்த்து வைத்த மாவைச் சர்க்கரையாக்கு என்று புகை ஏவுகிறது. மாவைப் புகை கொண்டுவருவதில்லை. இச்சிறு செய்தி பால்மரத்துக்குப் பெரிதும் பொருந்தும்.

விடியற்காலைப் பால்

1876-ஆம் ஆண்டில் விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகளால் லண்டன் கியூ தோட்டத்தில் நாற்றுகள் முளைத்தன. அடுத்த ஆண்டு அவற்றுள் 22 சிங்கப்பூர் வந்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் மலாயாவை மூடியதும், அம்மரங்களுக்காக நம் முன்னோர் கடல் கடந்து கொண்டுவரப்பட்டதும் நாம் அறிந்த வரலாறு. பாலைப் பற்றிய வரலாறோ அத்துணை அறியப்படவில்லை.

பால் மரத்தின் சாறன்று. வேர் உறிஞ்சும் நீருமன்று. பட்டைக்குள் மரத்தைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த மெல்லிய குழல்களில் மரம் ஆக்கி வைக்கும் பொருள் அது. மூன்றிலொரு பங்களவு ரப்பரும் பெரும்பகுதி நீரும் அதில் உண்டு. இரவில் குழல்கள் நீரால் விம்முகின்றன. வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக்குவதால் தளர்கின்றன. 1925-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, கோலாலம்பூரில் தலைமையகமும் சுங்கை பூலோவில் ஆய்வுத் தோட்டமும் கொண்டு விளங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பட்டரி, போட்மன் என்னும் இருவர் 1960-களில் அவ்விம்மலை அளந்தனர். விடியலில் அது காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு இருந்தது. லாரிச் சக்கரத்தில் அடைக்கும் காற்றினும் அது மிகுதி. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, பனியில் நனைந்த காட்டுக்குள் நம் தாய்மார் நடந்ததற்குக் காரணம் துரையின் கடிகாரம் மட்டுமன்று. மரத்தின் கடிகாரமும் ஆகும்.

கத்தி பட்டதும் பால் விரைந்து பாய்கிறது. பின்பு சொட்டுச் சொட்டாகி, சில மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. பால் தீர்ந்துவிட்டதா? இல்லை. பாலில் மிதக்கும் நுண்ணிய பைகள் வெட்டுவாயில் வெடிக்கின்றன. அவற்றின் நீர் ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்து குழலின் வாயை அடைக்கிறது. நம் விரலில் வெட்டுப்பட்டால் குருதி உறைந்து காப்பது போலவே மரமும் தன்னைக் காத்துக்கொள்கிறது. காயத்துக்கு மரம் வேறொரு விதத்திலும் விடையளிக்கிறது. 1899-ஆம் ஆண்டில் இலங்கையில் பார்க்கின் என்பவர், முன் வெட்டிய இடத்தையொட்டி மீண்டும் வெட்டினால் பால் மிகுவதைக் கண்டு எழுதினார். நாள்விட்டு நாள் அதே வெட்டைச் சீவும் முறை அவ்விடையை நம்பியே நிலைத்தது.

மருந்து

அடைப்பைத் தள்ளிப்போட்டால் பால் கூடும் அன்றோ? இவ்வாசை பழையது. 1912-ஆம் ஆண்டளவிலேயே பட்டையைச் சுரண்டி, மாட்டுச் சாணமும் களிமண்ணும் கலந்து பூசிப் பார்த்தனர். பால் சற்றே கூடியதாகப் பதிவு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆக்ஸினைப் போலவே நடிக்கும் செயற்கைப் பொருள்களை ஆக்கினர். 2,4-டி, 2,4,5-டி என்பன அவற்றின் பெயர்கள். அகன்ற இலைக் களைகளை அவை வளர்ச்சியின் ஏவலை அளவிறந்து பெருக்கியே கொன்றன. வளர், வளர் என்று ஓயாது ஏவப்பட்ட செடி முறுக்கி வெடித்து மாண்டது.

அதே பொருள்களை மிகச் சிறிதளவு செம்பனை எண்ணெயில் கலந்து, சுரண்டிய பால்மரப் பட்டையில் பூசினால் பால் மிகுகிறது என்பதை மலாயா ஆராய்ச்சிக் கழகத்தின் ஏட்டில் சாப்மன் என்பவர் 1951-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இக்காலத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் மறக்கலாகாது. 1950-களின் தொடக்கத்தில், அவசர காலத்தின்போது, பிரிட்டிஷ் சர்க்கார் இதே பொருள்களைச் சாலையோரப் புதர்களை அழிக்கவும், காட்டிலிருந்தோரின் பயிரைக் கெடுக்கவும் தெளித்தது. பின்னர் 1962 முதல் 1971 வரை அமெரிக்கப் படை வியட்நாம் காடுகளின் மேல் பெருமளவில் தெளித்ததும் இவ்விரண்டின் கலவையே. 2,4,5-டியோடு டயாக்ஸின் என்னும் கொடிய நஞ்சும் கலந்து உண்டாவது உலகறியத் தெரியவந்தபோது, அதன் பயன் நாடுதோறும் தடுக்கப்பட்டது. ஒரு கையில் பால். மறு கையில் படுகொலை. பொருள் ஒன்று, அளவும் நோக்கமும் வேறு.

1960-களில் ஓர் உண்மை வெளிப்பட்டது. ஆக்ஸினை மிகுதியாகப் பெற்ற செடி தானே எத்திலீனைச் சுரக்கிறது. அப்படியானால் பால்மரத்தை இயக்கியது ஆக்ஸினா, அதன்பின் வந்த எத்திலீனா? காற்றாகிய எத்திலீனைப் பட்டையில் பூசுவது எப்படி? இதற்கு விடையாக வந்தது எத்திபான் என்னும் அமிலம். புளிப்பு மிக்க கரைசலில் அது கலையாமல் இருக்கும். புளிப்புக் குறைந்த செடியின் உடலுக்குள் புகுந்ததும் கலைந்து எத்திலீனை வெளியிடும். புகையைப் புட்டியில் அடைத்தாற்போல ஆயிற்று! அதனைப் பால்மரத்தில் சோதித்து, பால் பெருகுவதை 1968-ஆம் ஆண்டில் மலாயா ஆராய்ச்சிக் கழகத்தின் ஏட்டில் எழுதியவர் மூவர்: ஆபிரகாம், வைச்சர்லி, பாக்கியநாதன். உலகெங்கும் ரப்பர் விளையும் நாடுகளில் இன்றும் எத்திபான் வழங்குகிறது. 1990-களில் எத்திலீன் காற்றையே பட்டைக்குள் செலுத்தும் முறைகளும் இங்கு வந்தன.

தோட்டங்களில் இதற்கு மருந்து என்றே பெயர். மருந்து தடவிய பின் மங்கு நிரம்பி வழிந்ததைப் பால் வெட்டிய முதியோர் இன்றும் சொல்வர். முதல் சில பூச்சுகளில் பால் ஒன்றரை மடங்கு, இரு மடங்கு என்று பெருகியதும் உண்டு. ஆயினும் மருந்து என்பது பிழையான பெயர். மருந்து நோயைத் தீர்க்கும்; இது நோயற்ற மரத்துக்கு இட்டது. உரம் என்பதும் பிழை. இதில் மரத்துக்கு வேண்டிய உணவு எதுவுமில்லை. எத்திலீன் செய்வது யாது? குழலின் வாய் அடைபடுவதைத் தாமதிக்கிறது; சுற்றுப்புறத்திலிருந்து நீரையும் சர்க்கரையையும் குழலுக்கு ஈர்க்கிறது; காயம்பட்டது, விரைந்து வேலை செய் என்று ஏவுகிறது. பாலாக்கும் சர்க்கரையை ஆக்கித் தர வேண்டியது இலையே. இலைக்கு வேண்டியது வெயிலும் நீரும் மண்ணின் சத்தும். ஏவல் இரட்டித்தது என்பதற்காக இலை இரட்டிப்பதில்லை.

ஆகவே மறுமுறை பூசும்போது விளைவு குறைகிறது. அதற்கடுத்த முறை இன்னும் குறைகிறது. அளவு மீறி, அடிக்கடி பூசி, அடிக்கடி வெட்டினால் மரத்தின் பட்டை வறண்டுவிடும். கத்தி படும், பால் வராது. மரம் பச்சையாக நிற்கும், இலை தளிர்க்கும், வெட்டுவோர்க்கு அது செத்த மரமே. மரம் காய்ந்தால் கண்ணேறு என்று பழிசுமத்திய காலமும் நம்மிடையே இருந்தது. கண்ணும் அன்று, தெய்வக் குற்றமும் அன்று. வரவுக்கு மேல் செலவு. இதனைத் தெளிந்த ஆராய்ச்சியாளர், எத்திபானை மெலிந்த கரைசலாகப் பூசி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மட்டும் வெட்டி, இடைநாள்களில் மரத்துக்கு ஓய்வு தர வேண்டும் என்று விதித்தனர். ஏவலோடு ஓய்வும் சேர்ந்தபோதே அது நிலைத்த பயன் தந்தது.

கர்மாவும் காரணமும்

பால்மரத்தை அகற்றி வந்த செம்பனையும் இதே பாடத்தை வேறு விதமாகக் கற்பித்தது. செம்பனையில் ஒட்டுக் கட்ட இயலாது. ஆதலால் நன்கு காய்க்கும் ஒரு மரத்தின் சிறு திசுவை எடுத்து, கூழில் வைத்து, வளரூக்கிகள் ஊட்டி, ஒன்றைப்போலவே ஆயிரம் நாற்று எடுக்க முயன்றனர். 1970-களில் யூனிலீவர் நிறுவனம் அதற்கென ஆய்வுக்கூடம் நடத்தியது. மீண்டும் ஆக்ஸின், மீண்டும் கூழ். 1977-ஆம் ஆண்டில் ஜொகூர் குளுவாங்கில் அத்தகைய மரங்கள் நிலத்தில் நடப்பட்டன. வளர்ந்தன, பூத்தன. ஆனால் சில மரங்களில் பூவின் உறுப்புகள் திரிந்து, பழத்தைச் சுற்றிப் போர்வை போர்த்தாற்போல் மிகைச் சதை வளர்ந்தது. குலைகள் முற்றாமலே கெட்டன. 1986-ஆம் ஆண்டில் இக்கேடு அறிக்கையாக வெளிவந்தபோது செம்பனை உலகம் திடுக்கிட்டது.

காரணம் தெரிய ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆயிற்று. 2015-ஆம் ஆண்டில் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தைச் சேர்ந்த மெய்லினா ஓங்-அப்துல்லாவும் அவரோடு உழைத்த பலரும் அதனை வெளியிட்டனர். பூவின் வடிவை ஆளும் ஒரு மரபணுவின் உள்ளே பழைய துணுக்கு ஒன்று குடியிருக்கிறது. இயல்பான மரத்தில் அதன் மேல் இரசாயன முத்திரை இடப்பட்டிருக்கும். திசு வளர்ப்பின்போது அம்முத்திரை அழிந்த நாற்றுகளே பின்னாளில் கெட்டுப்போயின. அத்துணுக்குக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் யாது தெரியுமா? கர்மா!

பெயரைக் கேட்டு நாம் நகைத்தோம். நம்மவர் பலர் கர்மா என்றால் கைகட்டி நிற்பர். இவ்வாராய்ச்சியாளரோ கர்மாவைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, முத்திரை உள்ளதா இல்லதா என்று நாற்றிலேயே சோதித்து, கெடக்கூடியதை நடுமுன்னே விலக்க வழி கண்டனர். காரணம் தெரியாதவரைதான் அது விதி. தெரிந்தபின் அது வேலை.

நமக்கும் இதுவே

இத்துணையும் மரத்தைப் பற்றிச் சொன்னோம். மரத்தை வெட்டிய மனிதரைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் இவ்வரலாறு பாதி வரலாறே ஆகும்.

1941-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தமிழ் நேசன் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அதனை முன்நின்று நடத்தினார். அவரைச் சிறைசெய்தனர்; படை வந்தது; துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் பறிபோயின. அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரையையோ பணியாளரையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் இழிவை ஒழித்தல்.

இக்கோரிக்கைகளை வளரூக்கியின் வரலாற்றோடு வைத்துப் பாருங்கள். விடியலில் மணியடித்தது ஏவல். மாலையில் கள் தந்தது பொய்யூக்கம். களைத்த உடலை மறுநாளும் எழுப்பியதேயன்றி அதில் ஒரு பிடி சத்தில்லை. அவர்கள் கேட்டதோ ஊட்டம்: கூலி, கல்வி, மானம். மரத்துக்கு இலை எதுவோ, மனிதர்க்கு அவை அதுவே. சைக்கிளிலிருந்து எவரைக் கண்டு இறங்கினார்கள் என்று சொன்னோமே, அப்பணியாளர் கூட்டத்தில் கிராணிமாரும் உண்டு. நாம் அவ்வழியில் வந்தவர்கள். ஏவற் சீட்டைச் சுமந்தது நம் கையே. சீட்டோடு அரிசியும் போயிற்றா என்று கேட்காமல் சுமந்தோம். இதனை மறைத்துவிட்டு அறிவியல் பேசுதல் நேர்மையாகாது.

மருந்து வந்தபின் நேர்ந்ததும் சிந்திக்கத் தக்கது. ஒரு மரத்தை நான்கு நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும் என்றால், அதே பரப்புக்கு வேண்டிய கைகளும் குறையும். ஆட்குறை மிக்க காலத்தில் தோட்டத்துக்கு அது பெரும் வசதி. ஆனால் வெட்டுக்கத்தி ஒன்றையே கற்ற குடும்பத்துக்கு? செயற்கை ரப்பரின் போட்டியால் விலை தாழ்ந்தது. காடுகள் செம்பனைக்கு மாறின. பின்பு நிலமே மனைகளாயிற்று. சுங்கை பூலோவில் ஆராய்ச்சிக் கழகத்தின் தோட்டமிருந்த இடத்திலும் புதிய நகரம் எழுந்து வருகிறது. கழகம் 1998-ஆம் ஆண்டில் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்தது. மரத்துக்கு ஓய்வு விதித்த அறிவு, மரத்தோடு வாழ்ந்தவர்க்கு மாற்றுத் தொழிலை விதிக்கவில்லை. அறிவு வளர்ந்தது, பங்கீடு வளரவில்லை.

இன்று தோட்டத்தைவிட்டுப் பட்டணம் வந்துவிட்டோம். ஆனால் ஏவும் பழக்கம் நம்மை விட்டபாடில்லை. பிள்ளையைப் பார்த்து, படி, படி என்கிறோம். படிக்க ஒரு மேசையும், சத்துள்ள காலையுணவும், ஓய்வும் உண்டா என்று பார்ப்பதில்லை. தேர்வுக்கு முந்திய வாரம் நள்ளிரவுவரை விழிக்க வைத்து, மூட்டத்தில் வைத்த பிஞ்சுத் தார் போல வெம்ப விடுகிறோம். மேடையேறி, இளைஞரே எழுக என்று முழங்குகிறோம். எழுந்தவர்க்குத் தொழிற்பயிற்சி எங்கே, முதல் எங்கே என்று கேட்டால் கூட்டம் கலைகிறது. ஏவல் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. ஏவல் இல்லையேல் வேர் கீழிறங்காது, காய் கனியாது. ஏவலின் பின்னே ஊட்டமும், ஊட்டத்தின் இடையே ஓய்வும் வர வேண்டும் என்பதே கருத்து.

அடுத்த முறை எவர்க்கேனும் ஓர் ஆணையிட வாய் திறக்கும்போது, தந்தையாயினும், ஆசிரியராயினும், தோட்டத்துக் கிராணியாயினும், ஒரு நொடி நின்று, இச்சீட்டோடு என்ன கொடுத்தனுப்புகிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. விடை ஒன்றுமில்லை என்றால், அம்மரத்தின் பட்டை என்றோ ஒரு நாள் வறளும். அன்று கண்ணேறு என்று சொல்லித் தப்ப நமக்கு வழியில்லை.